பீகிள் நாய்க்குட்டி வளர்ப்பு: ஒரு வரலாற்று நோக்கு

தென்சீனக் கடலை நோக்கி அமைந்த சிறு நகரம் மெர்சிங். தியோமான் முதலிய தீவுகளுக்குச் செல்லும் படகுகள் அதன் ஆற்றுமுகத்திலிருந்து புறப்படுகின்றன. ஊருக்கு முன்னால் கடல். பின்னால் செம்பனையும் ரப்பரும். அவற்றையும் கடந்து மேற்கே சென்றால் எண்டாவ் ரொம்பின் பெருங்காடு. மீன்வாடையும் ஈரக்காட்டின் மண்வாடையும் ஒரே காற்றில் கலந்து வீசும் இத்தகைய ஊரில், வீட்டு முற்றத்தில் நிற்கும் மனிதன் அறிவதைவிட அவன் காலடியில் நிற்கும் நாய் அறிவது மிகுதி. அதிலும் அந்த நாய் பீகிள் இனத்ததாயின், அதற்கு உலகம் என்பதே வாடைகளாலான ஒரு பெரிய நூல்தான்.

பெருநகரங்களிலிருந்து சிற்றூர்களுக்கும் இக்காலத்தில் பீகிள் குட்டிகள் வந்து சேர்கின்றன. வெள்ளை, கறுப்பு, பழுப்பு என மூன்று நிறம் கலந்த உடல், தொங்கும் செவி, கெஞ்சும் கண் ஆகியவற்றைக் கண்டு மனமிரங்கி வாங்குவோர் பலர். வாங்கிய மூன்றாம் மாதத்தில், 'சொன்ன பேச்சைக் கேளாத நாய்' என்று சங்கிலியில் கட்டிப் பின்கட்டில் விடுவோரும் பலர். அக்குட்டி பேச்சைக் கேளாமைக்குக் காரணம் அதன் பிடிவாதம் அன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வேட்டைத்தொழிலின் வரலாறு அதன் மூக்கில் குடியிருக்கிறது. அவ்வரலாற்றை அறியாதவன் அக்குட்டியைப் பழக்குதல் அரிது.

அத்தொழில் முயல்வேட்டை. கிரேக்க அறிஞன் செனபோன், கிறித்துவுக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். சாக்ரடீசின் மாணவர்களுள் ஒருவன். வேட்டையைப் பற்றி அவன் பெயரால் வழங்கும் நூலில் பெரும்பகுதி முயலைப் பற்றியதும், முயலை மோப்பத்தால் தேடும் நாய்களைப் பற்றியதுமே ஆகும். முயல் ஓடும் தடங்களில் வலைகளைக் கட்டி, நாய்களை ஏவிப் புதரினின்றும் முயலை எழுப்பி வலைக்குள் ஓட்டுவது அவன் கூறும் முறை.

இம்முறையைப் படிக்கும் தமிழாசிரியர் எவருக்கும் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வராமல் இராது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அப்பாட்டில், வறண்ட நிலத்துக் கானவர் நாய்களோடு சென்று பசும்புதர்களை அடிக்கின்றனர். வேலிபோல் தொடர்ந்து வலைகளை மாட்டுகின்றனர். தாமரையின் புறவிதழையொத்த நெடிய செவிகளையுடைய குறுமுயல்கள் தப்பிச் செல்ல வழியின்றி வளைத்துப் பிடித்துக் கூடி உண்கின்றனர். புதர், நாய், வலை, முயல் என்னும் நான்கும் ஏதென்சு நகரத்தானின் நூலிலும் உள்ளன. எயினர் குடியிருப்பைப் பாடிய தமிழ்ப் பாட்டிலும் உள்ளன. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றனர் என்று கொள்ள வேண்டியதில்லை. முயலின் ஓட்டமும் நாயின் இயல்பும் எங்கும் ஒன்றே ஆதலின், இரு நாட்டு வேட்டுவரும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தனர்.

பெரும்பாணாற்றுப்படை ஆசிரியர் அந்நாய்க்கு ஓர் அடைமொழி தருகிறார். அது பிளந்த வாயையுடையது என்பதே அவ்வடைமொழியின் பொருள். ஆங்கிலத்தில் பீகிள் என்னும் சொல், 'திறந்த தொண்டை' எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடரொன்றிலிருந்து பிறந்திருக்கலாம் என்பது சொல்லாராய்ச்சியாளர் சிலரின் கருத்து. தடம் கண்டவுடன் வாய் திறந்து நீண்ட குரல் எழுப்புவது இவ்வகை நாய்களின் பிறவிக்குணம். காட்டுப்புதரில் மறைந்து ஓடும் நாய் எங்கே இருக்கிறது என்பதை வேட்டுவன் அக்குரல்கொண்டே அறிந்தான். இன்று வீடமைப்புப் பகுதியில் அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும் அதே குரல், ஒருகாலத்தில் நாய்க்குச் சோறு வாங்கித் தந்த குரல்.

செனபோனின் நூலில் குட்டிகளைப் பழக்கும் பகுதி தனிச்சிறப்புடையது. நாய்களுக்குச் சுருக்கமான பெயரிட வேண்டும் என்கிறான் அவன். அப்போதுதான் கூப்பிடுவது எளிதாம். நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்களை அவனே எடுத்துத் தருகிறான். பெண்குட்டிகளை எட்டாம் மாதத்திலும் ஆண்குட்டிகளைப் பத்தாம் மாதத்திலும் வேட்டைக்கு அழைத்துச் செல்லலாம், தொடக்கத்தில் அவிழ்த்துவிடலாகாது, நீண்ட வாரில் பிடித்தபடியே தடத்தை மோப்பம் பிடிக்கவிட வேண்டும். வலைகளைச் சுருட்டும் இடத்தில் குட்டிகளுக்கு உணவு வைக்க வேண்டும். வழிதவறிய குட்டி அவ்வுணவை நாடித் திரும்பி வந்து காப்பாற்றப்படும். நாயின் தலைவன் தன் கையாலேயே உணவிட வேண்டும். பசித்த வேளையில் உணவு தருபவனையே நாய் நேசிக்கும். கூப்பிட்டால் வருவதற்கு உணவைப் பரிசாக வைக்கும் இம்முறையை ஏதோ இக்காலப் பயிற்சியாளரின் கண்டுபிடிப்பென்று எண்ணுவோர் உளர். அது 2,400 ஆண்டுப் பழமையுடையது.

முயல்வேட்டை நாய்களின் மரபு இங்கிலாந்தில் நெடுங்காலம் தொடர்ந்தது. முதலாம் எலிசபெத்து அரசி மிகச் சிறிய பீகிள்களை வளர்த்ததாகக் கூறுவர். இன்று காணும் பீகிளின் வடிவம் 1830களில் எசெக்சு வட்டாரத்தில் ஆனிவுட் என்னும் பாதிரியார் பேணிய நாய்க்கூட்டத்திலிருந்து உருவாயிற்று. 1890இல் அவ்வினத்துக்கெனவே ஒரு சங்கம் அங்கே தோன்றியது. டார்வின் 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றிய கப்பலுக்கும் இந்நாயின் பெயரே இடப்பட்டிருந்தது என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி.

தமிழ்நாட்டு வேட்டை நாய்கள் வேறு வழியில் வளர்ந்தன. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய தென்மாவட்ட நாய்கள் மெலிந்த உடலும் நீண்ட காலும் உடையவை. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. கரிசல் நிலத்தின் திறந்த வெளியில் நெடுந்தொலைவு பார்வை செல்லும். அங்கே முயலைக் கண்டவுடன் காற்றைப்போல் பாயும் நாயே பயன்படும். கன்னி நாயை மணமகளுக்குச் சீராகக் கொடுத்தனுப்பும் வழக்கமும் அப்பகுதியில் இருந்தது. இராசபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005இல் தபால்தலை வெளியிட்டது. நிலம் நாயை உருவாக்குகிறது. வெட்டவெளி கண்ணை வளர்க்கும். புதரும் காடும் மூக்கை வளர்க்கும்.

தமிழர் நாயை மதித்த வகைக்கு ஒரு கல்லே சான்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக்குரியது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பாதி. தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மடிந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுக்கப்பட்ட கல் அது. வீரனின் உருவத்தை அடுத்து ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு தெரிவிக்கிறது. 'நாய்' என்ற சொல்லையே வசையாக்கிக்கொண்ட மொழியில், ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி 1,400 ஆண்டுகள் வாழவைத்த ஊரும் இருந்தது.

அத்தகைய திறந்தவெளி நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்த தமிழர், பத்தடிக்கு அப்பால் பார்வை செல்லாத காட்டோரத்தில் குடியமர்ந்தனர். தோட்டத்து லயன் வீடுகளில் நாய் இல்லாத வரிசை அரிது. பால்வெட்டுக்கு விடியுமுன் செல்பவர்க்குத் துணையாகவும், மரவள்ளிக் கொல்லைக்கு வரும் காட்டுப்பன்றியை விரட்டவும், உடும்பைத் தேடவும் அந்நாய்கள் பயன்பட்டன. அவற்றுக்குப் பயிற்சியளித்தவர் என்று எவரும் இலர். தாய் நாயோடும் மூத்த நாய்களோடும் சென்று அவை தாமே கற்றன. எண்டாவ் ஆற்றுப் பக்கத்துக் காடுகளில் வாழும் ஜக்குன் பூர்வகுடியினரும் வேட்டைக்கு நாய்களை வைத்திருந்தனர். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் உடும்பு வேட்டை முன்போல் எவரும் விருப்பம்போல் செய்யக்கூடியதாக இல்லை. ஆயினும், மனிதரிடையே பிறந்து மனிதர் காலடியில் புரண்டு வளர்ந்த குட்டிதான் நல்ல நாயாகும் என்பதைத் தோட்டத்துப் பாட்டிமாரும் காட்டு வேட்டுவரும் எழுத்தறிவின்றியே அறிந்திருந்தனர்.

நாயின் மூக்கைப் பெருமளவில் முறைப்படி பயன்படுத்தும் முயற்சி ஜொகூரில் போரின் காரணமாக வந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டுக்குள் மறைந்து செல்வோரின் தடத்தைத் தொடர மனிதக் கண் போதவில்லை. சரவாக்கிலிருந்து ஈபான் தடங்காணிகள் வரவழைக்கப்பட்டனர், நாய்களும் கொண்டுவரப்பட்டன. பிரிட்டிஷ் படையின் நாய்ப் பயிற்சி நிலையம் ஜொகூரில் இயங்கியது. காவலுக்கு அல்சேஷன் நாய்களும், தடம் தொடர்வதற்குப் பெரும்பாலும் லேப்ரடார் நாய்களும் பழக்கப்பட்டன. பின்னர் 1966 முதல், வியட்நாம் போருக்கென அமெரிக்கப் படையினரும் ஜொகூரிலிருந்த பிரிட்டிஷ் காட்டுப்போர்ப் பள்ளிக்கு வந்து, லேப்ரடார்களோடு தடம் தொடரும் கலையைக் கற்றுச் சென்றனர்.

மலாயாக் காடு நாய்க்கு எளிய பள்ளி அன்று. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் வாடை நெடுநேரம் தங்கும். ஒரு பெருமழை பெய்தால் எல்லாம் கழுவப்பட்டுவிடும். வெப்பத்தில் நாய் விரைவில் சோர்ந்துவிடும். இவற்றையெல்லாம்விடப் பெரிய பாடம் ஒன்றைப் படைவீரர் அங்கே கற்றனர். நாயை அடித்து உட்காரவைக்கலாம், அடித்துப் படுக்கவைக்கலாம், அடித்து மோப்பம் பிடிக்கவைக்க முடியாது. மூக்கின் தொழில் நாயின் விருப்பத்தால் நடப்பது. ஒரு நாயும் அதைப் பழக்கியவனும் ஒருவரையொருவர் நம்பினாலன்றி அத்தொழில் நிகழாது.

1949 முதல் 1952 வரை மலாயாவில் பணிபுரிந்த லக்கி என்னும் அல்சேஷன் நாயின் கதை இதற்குத் தக்க சான்று. பிரிட்டிஷ் விமானப்படைக் காவல்துறையைச் சேர்ந்த அந்நாயோடு பாபி, ஜாஸ்பர், லாசி என மூன்று நாய்கள் இருந்தன. நான்கில் உயிரோடு மீண்டது லக்கி மட்டுமே. அந்நான்கின் தொண்டையும் மதித்து, விலங்குகளுக்குரிய உயர்ந்த வீரப்பதக்கமாகிய டிக்கின் பதக்கம் 2007 பிப்ரவரியில் லக்கியின் பெயருக்கு வழங்கப்பட்டது. அடுத்த மாதமே லக்கி என்னும் பெயருடைய மற்றொரு நாய், புளோ என்னும் துணையோடு ஜொகூர் பாருவில் வேலைசெய்தது. கள்ளத்தனமாகப் படியெடுத்த திரைப்பட வட்டுகளை அவற்றின் வாடைகொண்டு தேடிய கறுப்பு லேப்ரடார்கள் அவை. ஏறத்தாழ பத்து லட்சம் வட்டுகள் பிடிபட்டன. நாய்களைக் கொல்பவர்க்குக் கள்ளவணிகர் பரிசு அறிவித்ததாகவும் செய்தி வந்தது. நல்ல வட்டுக்கும் கள்ள வட்டுக்கும் வாடையில் வேறுபாடு இல்லை. அதைப் பிரித்தறிவது அதிகாரிகளின் வேலையாயிற்று. ஒரே ஆண்டில், ஒரே பெயரில், அரைநூற்றாண்டு இடைவெளியுள்ள இரு நாய்கள் மலேசியாவை உலகச் செய்தியாக்கின.

அடித்துப் பழக்கும் முறைக்கு ஏட்டுவடிவம் கொடுத்தவர்களுள் ஜெர்மானியரான கோன்ராட் மோஸ்ட் குறிப்பிடத்தக்கவர். காவல்நாய்களைப் பழக்கிய அவர் 1910இல் எழுதிய நூல் இரு உலகப்போர்களின் படைநாய்ப் பயிற்சிக்கும் அடிப்படையாக நின்றது. பரிசையும் அவர் கூறினார். ஆயினும் முட்கழுத்துப்பட்டையும் பிரம்பும் அதில் இன்றியமையாக் கருவிகள். அதன் தாக்கம் பல நாடுகளில் வீட்டு நாய்வளர்ப்பிலும் புகுந்தது. 'முரட்டுக் கைதான் நாயைத் திருத்தும்' என்று இன்றும் கூறுவோர், தாம் அறியாமலே அப்படைமுகாமின் மொழியைப் பேசுகின்றனர்.

அந்நம்பிக்கையை அசைத்த ஆராய்ச்சியில் பீகிள் குட்டிகளுக்கும் மலேசிய மண்ணின் நாய்க்கும் பங்கு உண்டு. இதனைத் தமிழ் மாணவர் அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்னும் இருவர், ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். அவ்வைந்தனுள் பீகிளும் ஒன்று. குட்டிகள் பிறந்த நாள்முதல் அவற்றின் கண் திறப்பு, காது திறப்பு, விளையாட்டு, அச்சம், மனிதரை அணுகும் விதம் ஆகியவை குறித்துவைக்கப்பட்டன. 1965இல் அவர்கள் வெளியிட்ட நூல் நாயின் நடத்தை பற்றிய ஆராய்ச்சிக்கு அடிக்கல்லாயிற்று. ஒரு குட்டி எவரைத் தன் இனமாக, தன் கூட்டமாக ஏற்றுக்கொள்கிறது என்பது மூன்றாம் வாரத்துக்கும் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடையில் முடிவாகிவிடுகிறது என்பது அவர்களின் தலையாய கண்டுபிடிப்பு.

அதே ஆய்வுக்கூடத்தில் பிரீட்மன், கிங், எலியட் என்னும் மூவர் செய்து 1961இல் வெளியிட்ட சோதனை இன்னும் கூர்மையானது. உயர்ந்த வேலியிட்ட வயலுக்குள் காக்கர் ஸ்பேனியல், பீகிள் ஆகிய இனங்களின் குட்டிகளைத் தாயோடு விட்டனர். உணவு வேலியிலுள்ள துளைவழியே தள்ளப்பட்டது. மனித முகத்தை அவை காணவில்லை. சில குட்டிகளை இரண்டாம் வாரத்தில், சிலவற்றை மூன்றாம் வாரத்தில், சிலவற்றை ஐந்து, ஏழு, ஒன்பதாம் வாரங்களில் வெளியே எடுத்து, ஒரேயொரு வாரம் மனிதரோடு பழகவிட்டு மீண்டும் வயலுக்கே அனுப்பினர். சில குட்டிகள் பதினான்கு வாரம்வரை எடுக்கப்படவே இல்லை. இறுதியில் எல்லாவற்றையும் வெளியே கொணர்ந்தபோது, இடையில் ஒரு வாரமேனும் மனிதரைக் கண்ட குட்டிகள், குறிப்பாக ஐந்து முதல் ஒன்பது வாரத்துக்குள் கண்டவை, எளிதில் பழகின. மனிதரைக் காணாதவையோ காட்டு விலங்குகளைப்போல் ஓடி ஒளிந்தன. வாரில் நடக்கப் பழக்குவதும் அவற்றிடம் அரிதாயிற்று. அவற்றை எவரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. வேளை தவறிப்போயிற்று, அவ்வளவே. பயிரிடுவோன் பருவத்தை நோக்குவதுபோல் குட்டி வளர்ப்போனும் பருவத்தை நோக்க வேண்டும் என்பதை அந்த வயல் மெய்ப்பித்தது.

அம்மூவருள் ஒருவரான ஆர்வில் எலியட் மானிடவியல் அறிஞர். அவர் மலாயாவுக்கு வந்து, பகாங் மாநிலத்தில் கேமரன் மலைப்பகுதியை ஒட்டி ஓடும் தெலோம் ஆற்றங்கரைப் பூர்வகுடி மக்களிடையே ஒருவகைச் சிறு நாயைக் கண்டார். 1963இல் அவற்றில் ஓர் இணை அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஆற்றின் பெயராலேயே தெலோமியன் என்று அதற்குப் பெயரிட்டனர். பூர்வகுடியினரின் வீடுகள் உயர்ந்த கால்களின் மேல் நிற்பவை. அவற்றின் ஏணியில் இந்நாய்கள் ஏறிச் சென்று குடும்பத்தோடு வாழ்ந்தன. முன்னங்கால்களைக் கையைப்போல் பயன்படுத்துவது அவற்றின் தனித்திறம். பின்னாளில் ஸ்காட் தெலோமியன் நாய்களை வைத்தும் ஆராய்ச்சி நடத்தினார்.

வேலிக்குள் மனித முகம் காணாமல் வளர்ந்த பீகிள் குட்டியையும், ஏணியேறி மனிதரோடு ஒரே கூரைக்கீழ் உறங்கிய தெலோம் ஆற்றுக் குட்டியையும் அருகருகே வைத்து எண்ணினால், ஆய்வுக்கூடம் பல ஆண்டு உழைத்து மெய்ப்பித்ததைத் தெலோம் ஆற்றங்கரையினர் அன்றாட வாழ்வாகவே நடத்தி வந்தனர் என்பது புலனாகும். அவர்களின் பெயர்கள் எந்த ஆராய்ச்சி நூலின் முகப்பிலும் இல்லை.

இவ்வாராய்ச்சிகள் வெளிவந்தபின் குட்டிப்பயிற்சியின் போக்கு மாறியது. அதுவரை ஆறு மாதம் நிரம்பிய நாய்க்கே பயிற்சி என்பது வழக்கம். இயான் டன்பார் என்னும் விலங்கு மருத்துவர் 1982இல் அமெரிக்காவில் சிறு குட்டிகளுக்கென்றே வார் அவிழ்த்த வகுப்புகளைத் தொடங்கினார். 1984இல் கேரன் பிரையரின் நூல், பரிசின் வழியே பழக்கும் முறையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. அதே 1984இல் அமெரிக்க வேளாண்மைத் துறை, லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் பீகிள்களைப் பணியில் அமர்த்தியது. பயணிகளின் பெட்டிகளில் மறைந்து வரும் பழங்களையும் இறைச்சியையும் அவை மோப்பம் பிடித்தன. பீகிளைத் தேர்ந்ததற்குக் காரணம் மூக்கு மட்டும் அன்று. சிறிய உருவமும் சாந்தமும் உடையதாதலின் பயணிகள் அஞ்சமாட்டார்கள். ஆப்பிள், ஆரஞ்சு வகை, மாம்பழம், மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஆகிய ஐந்தின் வாடைகளே தொடக்கப்பாடம். ஊரிலிருந்து உறவினருக்கு மாம்பழம் எடுத்துச் சென்ற தமிழர் சிலரும் அந்தப் பச்சைச்சட்டை அதிகாரியிடம் பிடிபட்டிருக்கக்கூடும்! வாடையைக் கண்டால் அமர வேண்டும், அமர்ந்தால் தின்பண்டம். முயல் இருந்த இடத்தில் மாம்பழம் வந்ததே தவிர, செனபோன் கூறிய முறை மாறவில்லை.

பீகிளின் சாந்தம் அதற்கே கேடாகவும் முடிந்தது. 1950கள் முதல் மருந்து, கதிர்வீச்சு முதலியவற்றின் சோதனைகளுக்கு மிகுதியாகப் பயன்படுத்தப்பட்ட நாய் பீகிளே. கூட்டமாக வைத்தால் சண்டையிடாது. ஊசி குத்தியவனின் கையையே மறுநாளும் நக்கும். இக்குணத்தைத்தான் ஆய்வுக்கூடங்கள் விலைகொடுத்து வாங்கின. 1975இல் இங்கிலாந்தில் பீகிள்களைக் கட்டிவைத்துப் புகை உறிஞ்சவைத்த படம் நாளேட்டில் வெளிவந்தபோது நாடே கொதித்தது. 2022இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சோதனைக்கென நாய் வளர்த்த ஒரு நிலையத்திலிருந்து ஏறத்தாழ 4,000 பீகிள்கள் நீதிமன்ற ஆணைப்படி விடுவிக்கப்பட்டு வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டன. புல்தரையை அதுவரை மிதித்தறியாத நாய்கள் அவற்றுள் பல. குட்டிப்பருவத்து வாரங்களில் மனிதனிடம் வைத்த நம்பிக்கையை நாய் திரும்பப் பெறத் தெரியாதது. அதனாலேயே அந்நம்பிக்கையைப் பெறுபவனின் பொறுப்பு பெரிது. மலேசியாவிலும் 2015ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம், விலங்கை வைத்திருப்போனின் கடமைகளை வரையறுத்துள்ளது.

மெர்சிங்கில் ஒரு குடும்பம் பீகிள் குட்டியை ஏற்கும்போது, வழக்கமாக அதற்கு வயது எட்டு வாரம். ஸ்காட் வகுத்த பருவத்தில் எஞ்சியிருப்பது நான்கு வாரமே. தடுப்பூசிகள் முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் மண்ணில் குட்டியை இறக்கலாகாது. அதற்காக அதனைக் கூண்டில் அடைத்துவைத்தால் பருவம் கழிந்துவிடும். இவ்விரண்டு இடர்களுக்கும் நடுவே உள்ள வழி, குட்டியைக் கையில் தூக்கிச் செல்வது. படகுத்துறையின் இரைச்சல், மீன்சந்தையின் கூட்டம், மோட்டார்வண்டியின் ஓசை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், குடை, மழை என எல்லாவற்றையும் அது மார்போடு அணைந்தபடியே கண்டுகொள்ளலாம்.

அண்டைவீட்டாரை எண்ணிப் பழக்குவதும் மெர்சிங்கில் இன்றியமையாதது. ஊர்மக்களில் மிகப்பலர் முஸ்லிம்கள். நாயின் எச்சில் மேலே படாமல் காத்துக்கொள்வது அவர்களின் சமய ஒழுக்கம். வாடையைத் தொடர்ந்து வேலிக்கு அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு அடுத்த வீட்டுச் சமையற்கட்டுவரை செல்லும் பீகிள், வாய்பேசா உயிராயினும் வளர்ப்பவரின் நல்லுறவைக் கெடுக்க வல்லது. ஆகவே தாழ்வான வேலி போதாது. அடிமண்ணிலும் கம்பி இருத்தல் நலம். வார் அவிழ்த்துக் கடற்கரையில் விடுவது, எத்துணை பழகிய பீகிளுக்கும் ஆகாது. பெயரைச் சொல்லி அழைக்கையில் அது திரும்பாமைக்குக் காரணம் செவிட்டுத்தனம் அன்று. தடம் கிடைத்தபின் அதன் உள்ளம் முழுதும் மூக்கில் ஒடுங்கிவிடுகிறது. நாய்க்கு வாடையறியும் உயிரணுக்கள் 22 கோடி அளவில் உள்ளன என்றும், மனிதனுக்கு 50 லட்சம் அளவே என்றும் பொதுவாகக் கணக்கிடுவர். அத்துணைக் கோடியையும் ஒரு கூப்பாட்டால் வெல்ல நினைப்பது மனிதனின் பேராசை.

வெல்ல முடியாததை வேலைக்கு அமர்த்தலாம். மூன்று தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றின் கீழ் அவித்த கோழித்துண்டை வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னால், பத்து வாரக் குட்டியும் அன்றே அதைக் கற்றுக்கொள்ளும். பின்னர் சிரட்டைகளை வீடெங்கும், முற்றமெங்கும் பரப்பலாம். கால்மணி நேர மோப்பவேலை ஒரு மணி நேர ஓட்டத்தைக் காட்டிலும் பீகிளைக் களைப்புறச் செய்யும். களைத்த நாய் ஊளையிடாது. நீண்ட கயிற்றில் விட்டுப் பெயர் சொல்லி அழைத்து, வந்தவுடன் தின்பண்டம் கொடுத்தால், வீடு திரும்புவதும் ஒரு வேட்டையாகவே அதற்குத் தோன்றும். பெயர் சுருக்கமாயிருக்க வேண்டும் என்று செனபோன் சொன்னது இங்கும் பொருந்தும். கோவிவன் என்பதுகூட நான்கெழுத்துத்தான்.

இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் தருவோர் உளர். பீகிள் வயிறு நிறைந்ததை அறியாத இனம். கேட்டதற்கெல்லாம் கொடுத்தால் ஓராண்டில் பருத்துவிடும். நவம்பர் முதல் வடகிழக்குப் பருவக்காற்று மெர்சிங் கடற்கரையில் மோதி, நாட்கணக்கில் மழை ஓயாத காலம் வரும்போது, தொங்கும் செவிகளுக்குள் ஈரம் தங்கிப் புண்ணாகும். அக்காலத்தில் இரவு படுக்குமுன் இரு செவிகளையும் தூக்கிப் பார்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடுவது வீட்டுப் பிள்ளைகளின் வேலையாக இருக்கலாம். குட்டியாய் இருக்கும்போதே செவியைத் தொடப் பழக்கியிருந்தால் அது கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கொடுக்கும்.